ஆணியில் முடியும் பாட்டு

தலைநகர்
நான்காம் மாதம், ஆறாம் நாள்

அக்காவின் பாதங்களில் யுவான் வணங்கி எழுதுவது. இங்கே நான், வீட்டில் அவள், குழந்தைகள் எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? ஈரக்காற்றில் அதிகம் நிற்காதே.

நலம் என்று வழக்கத்துக்காக எழுதிவிட்டேன். உண்மையில் பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தானைத் தெற்கே காய்ச்சல் நாட்டுக்குத் தூக்கியடித்தபோது வழியனுப்ப வெண்கொக்கு விடுதி வரை கூடப் போனேன் அல்லவா? உன் ஊரிலிருந்து அரை நாள் தூரத்தில் இருக்கிற அந்த அரசு விடுதிதான். அன்று சாயங்காலம் இருவரும் கொஞ்சம் குடித்தோம். முற்றத்தில் விடுதியின் கோவேறு கழுதை திரிகையைச் சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்த அத்தான் எழுந்து போய், வாசல் பக்கத்துச் சுவரில் எழுதினார்:

கிழட்டுக் கோவேறின் கழுத்தில் புதிதாய் ஒரு மணி;
விடிந்தால் திரிகை, இருண்டால் திரிகை, அதே பணி;
கண்ணை மறைப்பதும் அதே பழைய துணி;
கழன்று விழக் காத்திருக்கிறது லாடத்தின் ஆணி.

புது மணி என்றது பேரமைச்சரின் புது வரிச் சட்டத்தை என்று யாருக்குத்தான் புரியாது? எவனோ அதைப் படியெடுத்து இங்கே அனுப்பிவிட்டான். இப்போது விசாரணை மன்றம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: இதற்குப் பதில் பாடியவர் யார்? நண்பன் எந்தச் சொற்களில் அடிகளை முடித்தானோ அதே சொற்களில், அதே வரிசையில் முடித்துப் பதில் பாடுவது நம் ஆட்களின் வழக்கம். அதைப் பிடித்துக்கொண்டு, பதில் பாடியவனெல்லாம் கூட்டாளி, கட்சி கட்டியவன் என்கிறார்கள்.

நான் பாடினேன், அக்கா. அவர் பாட்டுக்குப் பக்கத்திலேயே. கடைசி அடி மட்டும் ஞாபகம் இருக்கிறது. "மணி கட்டியவர் உள்ளங்கையில் ஏறட்டும் அந்த ஆணி." கீழே என் பெயர், அரண்மனை நூலகத்தில் என் பதவி, தேதி எல்லாம் ஒழுங்காக எழுதியிருக்கிறேன். படியெடுத்தவன் எப்படியோ என்னுடையதை விட்டுவிட்டான். அடுத்து வருகிறவன் விடமாட்டான். அத்தான் போதாதென்று நானும் காய்ச்சல் நாட்டுக்குப் போனால் உனக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு ஆளை ஒரு பானைச் சுண்ணாம்போடு அனுப்பி அந்தச் சுவரை வெள்ளையடிக்கச் சொல். உன்னைத் தவிர எனக்கு யாரும் இல்லை.

உன் உடல்நலம் வேண்டும்,
யுவான்


பெய்ஷுய்
நான்காம் மாதம், இருபத்தைந்தாம் நாள்

தம்பி யுவானுக்கு அக்கா லான்யீயின் ஆசிகள். உன் கடிதம் கிடைத்தது. குழந்தைகளின் இருமல் நின்றதா? பேரிக்காயைத் தேன் விட்டு வேகவைத்துக் கொடு. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

குடித்தவன் பேச்சு விடிந்தால் போச்சு என்பார்கள். நீ அதைச் சுவரில் எழுதிவைத்ததால் விடிந்தும் போகவில்லை. பெயர் சரி, பதவியையும் எதற்கு எழுதினாய்? வழிப்போக்கர்கள் சம்பள உயர்வு கொடுப்பார்கள் என்றா?

வெள்ளையடிக்க முடியாது. விடுதிச் சுவர்களில் யாரும் கை வைக்கக்கூடாது, மீறினால் நாற்பது கசையடி என்று உங்கள் விசாரணை மன்றத்திலிருந்தே உத்தரவு வந்து வாசலில் ஒட்டியிருக்கிறதாம். விடுதிக்காரர் யூவின் மனைவி நம் தெருவுக்குப் பூண்டு விற்க வந்தபோது சொன்னாள். புதுச் சுண்ணாம்பைப் பார்த்தாலே கீழே என்ன இருந்தது என்று விசாரிக்க மாட்டார்களா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை அது.

அவளிடம் இரண்டு சரம் பூண்டு வாங்கினேன். எனக்குக் கல்யாணமான வருஷம் நீ கதவுக்குப் பின்னால் கோணலாக ஓர் ஆணி அடித்தாயே, உன் அத்தானின் குடைக்காக, அதில் தொங்கவிடட்டுமா என்று வேலைக்காரி கேட்டாள். வேண்டாம் என்றேன்.

சாப்பிடு. வயிறு காலியாக இருந்தால் பயம் பெரிதாகத் தெரியும்.

லான்யீ


தலைநகர்
ஐந்தாம் மாதம், பதினான்காம் நாள்

அக்காவுக்கு வணக்கம். இருமல் நின்றது. இங்கே கடும் வெயில்.

என் பக்கத்து மேசைக்காரர் ஃபூ பதவி இழந்தார். அத்தானின் பழைய பாட்டு ஒன்றுக்கு அவர் இரண்டு வருஷத்துக்கு முன்னால் பதில் பாடியிருக்கிறார். வெறும் அல்லிப்பூவைப் பற்றிய பாட்டு. நேற்று காலையில் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். யாரும் தலைநிமிர்ந்து பார்க்கவில்லை. நானும்தான். அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

என்னிடம் இருந்த அத்தானின் கடிதங்களையெல்லாம் எரித்துவிட்டேன். பாட்டுகளையும்கூட. மன்னித்துவிடு. ஆனால் சுவரை எப்படி எரிப்பது?

சுண்ணாம்பு வேண்டாம். என் பெயரை மட்டும் யாராவது சுரண்டினால் போதும். மூன்றே எழுத்து. எலி சுரண்டியதாக நினைத்துக்கொள்வார்கள். உடனே பதில் எழுது.

யுவான்


பெய்ஷுய்
ஏழாம் மாதம், இரண்டாம் நாள்

தம்பிக்கு ஆசிகள். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஃபூவின் வீட்டாருக்கு ஏதாவது செய்ய முடிந்தால் உன் பெயர் தெரியாமல் செய்.

உன் அத்தானுக்காக வேண்டிக்கொண்டு குன்றின்மேல் கோயிலுக்குப் போனேன். வேலைக்காரியும் நானும் மட்டும். திரும்பும்போது வானமே பொத்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் வெண்கொக்கு விடுதியில் ஒதுங்கினோம். யூவின் மனைவி அடுப்போரம் உட்காரவைத்து இஞ்சி போட்டுக் கஞ்சி கொடுத்தாள். நனைந்த துணியெல்லாம் காயச் சாயங்காலம் ஆகிவிட்டது. அந்தக் கோவேறு கழுதையையும் பார்த்தேன். பாவம், அதன் பேரில் இவ்வளவு வழக்கு நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

எலி உன் பெயரை மட்டும் பொறுக்கியெடுத்துச் சுரண்டாது. மற்றபடி சுவர் நலம்.

என் தூரிகை மொட்டையாகிவிட்டது. வருகிறவர்களிடம் புதிதாக ஒன்று கொடுத்தனுப்பு. கீரிமயிர் வைத்ததாக, விறைப்பாக இருக்கட்டும்.

உன் மனைவி நலமா?

லான்யீ


தலைநகர்
ஏழாம் மாதம், இருபதாம் நாள்

அக்காவுக்கு.

நலம். உன் நலத்தையும் கேட்டதாக வைத்துக்கொள்.

இரண்டு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஞ்சியில் இஞ்சி போட்டார்கள் என்று எழுதியிருக்கிறாய். அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நாள் முழுக்கத் துணி காயவைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் வந்திருக்கிறாய். என் கழுத்து உனக்குக் கிள்ளுக்கீரையாகிவிட்டதா?

தூரிகை அனுப்பியிருக்கிறேன். கீரிமயிர் கிடைக்கவில்லை. வெள்ளாட்டு மயிர். இப்போதைக்கு இதை வைத்துக்கொள்.

யுவான்


பெய்ஷுய்
ஒன்பதாம் மாதம், பதினெட்டாம் நாள்

கோபக்காரத் தம்பிக்கு ஆசிகள். தூரிகை வந்தது. மென்மையாக இருக்கிறது. கடிதம் எழுதத்தான் ஆகும்.

இந்த வருஷம் அரசுப் பதவிக்கான பெரிய தேர்வு அல்லவா? தென்திசை மாணவர்களெல்லாம் தலைநகருக்குக் கிளம்பிவிட்டார்கள். வெண்கொக்கு விடுதியில் படுக்க இடமில்லையாம். யூவின் மனைவி நேற்று வந்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரை ஏறிவிட்டது.

"அம்மா, குளிருக்கு விறகை நகர்த்துனோம் பாருங்க, அடுப்புக்குப் பின்னால ஒரு பழைய பாட்டு. புகை அப்பிக் கிடக்கு. மூணு வருஷத்துக்கு முந்தின தேதி. 'மழைக்கு ஒதுங்கியவர்'னு மட்டும் போட்டிருக்கு, பேரைக் காணோம். அதுவும் மணி, பணி, துணி, ஆணின்னே முடியுதாம். பசங்க படிச்சுட்டு, 'அப்போ இதுதான்யா மூலப் பாட்டு, வாசல்ல இருக்கிறதெல்லாம் இதுக்குப் பதிலு'ன்னாங்க. அன்னையிலேர்ந்து வர்றவன் போறவன் எல்லாம் தூரிகையும் கையுமா நிக்கிறான். முதல் மூணும் வந்துடுதாம். ஆணிதான் வரமாட்டேங்குதாம். ஒருத்தன் சாப்பாட்டையே மறந்துட்டான். இருபத்தாறு பாட்டு ஆச்சும்மா, என் சுவர் போச்சு."

அப்படியானால் உன் அத்தான் புதிதாக எதையும் ஆரம்பிக்கவில்லை, யாருக்கோ பதில்தான் பாடியிருக்கிறார் போலிருக்கிறது. எனக்கென்ன தெரியும்? வீட்டுப்படி தாண்டாதவள்.

அங்கே குளிர் வருமுன் பஞ்சு வைத்த மேலங்கியை வெயிலில் போட்டு எடு.

லான்யீ


தலைநகர்
பத்தாம் மாதம், இருபத்திரண்டாம் நாள்

அக்காவின் பாதங்களில் வணக்கம். போன கடிதத்தில் வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

நாளை மறுநாள் விசாரணை அதிகாரி துவான் நேரில் வெண்கொக்கு விடுதிக்குக் கிளம்புகிறார். பேரமைச்சரின் வலது கை. கவிதை என்றால் அவருக்குப் பைத்தியம். தன்னுடைய கவிதை என்றால் இன்னும் பைத்தியம். போன மாதம் நூலகத்துக்கு வந்து தன் தொகுப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டார். கீழ்த்தட்டில் என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். என் முகம் அவருக்கு மறந்திருக்காது.

மேலங்கியை வெயிலில் போட்டு எடுத்தேன். ஒரு மூட்டையில் அதையும், காலணியையும், காய்ச்சலுக்கான வேரையும் கட்டி வைத்திருக்கிறேன். மனைவியையும் பிள்ளைகளையும் உன்னிடம் அனுப்புவேன். சின்னவளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. பெரியவனை அடிக்காதே, சொன்னால் கேட்பான்.

அத்தானோடு ஒரே ஊரில் போடுவார்களா என்று மட்டும் ஆசையாக இருக்கிறது. போடமாட்டார்கள்.

யுவான்


பெய்ஷுய்
பதினொன்றாம் மாதம், இருபதாம் நாள்

தம்பிக்கு ஆசிகள். மூட்டையை அவிழ்த்துவிடு. அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று தோன்றியது. மற்றபடி இங்கே எல்லோரும் நலம்.

துவான் வந்தார், போனார். நான் பார்க்கவில்லை. யூவின் மனைவி வந்து அடுப்படியில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"சாதாரண அங்கியிலதாம்மா வந்தார். ரெண்டு ஆளு மட்டும். வந்ததும் வராததுமா 'சுவரைக் காட்டு'ன்னார். களைப்பு தீரட்டும் ஐயா, மொதல்ல சூடா கொஞ்சம் குடிங்கன்னு அடுப்போரம் உக்கார வெச்சேன். அங்கே மூணு மாணவனுங்க ஆணியோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தானுங்க. ஐயாவும் அந்தப் பழைய பாட்டை எட்டிப் பாத்தார். வாய்க்குள்ள ஏதோ முணுமுணுத்தார். ஆள் யாருன்னு தெரியாம ஒருத்தன் சொல்லிட்டான்மா: 'பெரியவரே, பாக்கக் கணக்கர் மாதிரி இருக்கீங்க. உங்களுக்கு இது வராது, விட்டுடுங்க.'"

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறமென்ன. 'கொண்டா தூரிகையை'ன்னார். நாங்க சாப்பிடற தட்டு பெருசுக்கு ஒவ்வொரு எழுத்து. 'அரசர் தேருக்கு நானே அச்சாணி'ன்னு முடிச்சார். கீழே முழுப் பேரு, பதவி, பட்டம் எல்லாம். அதைப் படிச்சதும் மூணு பேரும் தரையில விழுந்து கும்பிட்டானுங்க. அப்பவும் அதுல ஒருத்தன் மெதுவா, 'ஐயா, அச்சாணி கணக்குல வருமா'ன்னு கேட்டான் பாருங்க. ஐயாவுக்குக் கோவமே வரல. மூணாவது கிண்ணம் குடிச்சுட்டு, வரும்னு அரை மணி நேரம் விளக்கினார்."

காலையில் எழுந்து நிதானமாக, அடுப்பில் ஆரம்பித்து வாசலை நோக்கிச் சுவர் முழுக்கப் படித்துக்கொண்டே போனாராம். மொத்தம் நாற்பத்து மூன்று பாட்டு. கடைசியில் வாசலோரம் உங்கள் இருவர் பெயரும் வந்தது.

"அங்கேயே நின்னுட்டார்மா. அந்தப் பேரைப் பாத்தார். திரும்பித் தன் பேரைப் பாத்தார். அந்தப் பக்கத்துலேர்ந்தே தெரியுது, அவ்வளவு பெருசு. வேர்த்துடுச்சு. 'சுண்ணாம்பு இருக்கா'ன்னார். நான் சொன்னேன், 'இருக்கு ஐயா, ஆனா கை வெச்சா நாப்பது கசையடின்னு நீங்கதானே எழுதி ஒட்ட வெச்சீங்க. அதோட உங்க பாட்டை எட்டுப் பேர் படியெடுத்துக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க. பெரிய மனுஷங்க எழுத்துன்னு பச்சைச் சல்லாத்துணி வேற போட்டு மூடிட்டேன்.'"

நேரே போய்க் குதிரை ஏறினாராம். பதில் பாடியவனெல்லாம் கூட்டாளி என்றால் பட்டியலில் முதல் பெயர் யாருடையது?

நான் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டேன். நீயும் சாப்பிடு.

லான்யீ


தலைநகர்
பன்னிரண்டாம் மாதம், பதினாறாம் நாள்

அக்காவின் பாதங்களில் விழுந்து வணங்கி எழுதுவது. எல்லோரும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

முடிந்துபோன வழக்குகளின் தாள்கள் நகலெடுக்க எங்கள் நூலகத்துக்குத்தான் வரும். நேற்று துவானின் அறிக்கை என் மேசைக்கே வந்தது. பார்த்ததும் மையைக் கொட்டிவிட்டேன். அதில் எழுதியிருக்கிறது: வெண்கொக்கு விடுதியில் உள்ளது மூன்று வருஷத்துக்கு முந்தைய பழைய பாட்டு, விடுதியின் கழுதையைப் பற்றியது, வழிப்போக்கர் பலர் பொழுதுபோக்காகப் பதில் பாடியுள்ளனர், எவையும் பொருட்படுத்தத் தக்கவை அல்ல, இதை வைத்து அதிகாரி பாங்மீது, அதாவது அத்தான்மீது, சாட்டிய குற்றம் நிற்காது, சுவரை உடனே வெள்ளையடிக்க வேண்டும்.

எவையும் பொருட்படுத்தத் தக்கவை அல்ல என்றதில் என் பாட்டும் அடக்கம். உயிர் தப்பிய சந்தோஷத்திலும் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது.

அத்தானை உங்கள் பக்கமே, மூன்று நாள் தூரத்து ஊருக்கு மாற்றியிருக்கிறார்கள். உத்தரவில் முத்திரை விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன். போகும் வழியில் வீட்டில் பத்து நாள் தங்கலாம். ஃபூவையும் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். காலையில் வந்து அதே மேசையில் உட்கார்ந்தார். எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் அழுதோம்.

அறிக்கையோடு அந்த மூலப் பாட்டின் நகல் ஒன்றையும் இணைத்திருந்தார்கள்:

மழையில் நனைந்து வருகிறது ஒரு மணி;
நாளையும் உண்டு அதற்கு அதே பணி;
அடுப்போரம் காய்கிறது என் துணி;
கதவுக்குப் பின்னால் குடைக்கு ஓர் ஆணி.

நான்காம் அடியைப் படித்ததும் எனக்கு என் கட்டைவிரல் வலித்தது. அந்த ஆணியை அடிக்கும்போதுதானே நகம் பெயர்ந்தது. நீதான் துணி சுற்றிவிட்டாய்.

ஏழாம் மாதக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். மழை, அடுப்பு, துணி, மொட்டைத் தூரிகை. எல்லாவற்றையும் எழுதியிருந்தாய். நான் முட்டாள், உன்மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். புகைக்கரியைத் தேய்த்துப் பழசாக்கினாயா? மூன்று வருஷத்துக்கு முந்தைய தேதி போட எப்படித் துணிச்சல் வந்தது? பிடிபட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதுதான் எனக்கு வியர்க்கிறது.

இன்னொன்றும் தோன்றியது. வருஷம் முழுக்க நீ எழுதிய கடிதங்களில் அத்தான் இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை கிடையாது. நானும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதைச் சுவரில்தான் எழுதியிருக்கிறாய்.

உண்மையைச் சொல். நீதானே?

யுவான்


பெய்ஷுய்
இரண்டாம் மாதம், எட்டாம் நாள்

தம்பி யுவானுக்கு அக்காவின் ஆசிகள். உன் மனைவியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல். என் முழங்கால் தேவலை.

என்னென்னவோ கேட்டிருக்கிறாய். கதவுக்குப் பின்னால் ஆணி இல்லாத வீடு எந்த ஊரில் இருக்கிறது? எவரோ ஒருவர் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். நல்ல மனிதராக இருக்க வேண்டும். உன் கடிதத்தை எரித்துவிட்டேன், இதை நீ எரித்துவிடு.

உன் அத்தான் நேற்று வந்துசேர்ந்தார். வழியில் விடுதியில் இறங்கியிருக்கிறார். சுவர் பளிச்சென்று, சுண்ணாம்பு வாசனையோடு இருந்ததாம். இவர் அதன் முன்னால் போய் நின்றதும் யூவின் மனைவி ஓடிவந்து, "ஐயா, கையை ரெண்டையும் பின்னால கட்டிக்கிட்டு வந்து சாப்பிடுங்க" என்றாளாம். அதைச் சொல்லிச் சிரித்தார். மிகவும் இளைத்திருக்கிறார். காய்ச்சல் விட்டுவிட்டது, நிறம் மட்டும் திரும்ப வேண்டும். அந்தப் பழைய பாட்டைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நீயும் சொல்லாதே. சொன்னால் பதில் பாடுவார்.

நீ எழுதியது சரிதான். கஷ்டமாகத்தான் இருந்தது. எழுதினால் நீ இன்னும் பயப்படுவாய் என்று எழுதவில்லை.

நேற்று இங்கே நல்ல மழை. அவர் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டிக் குடையை ஆணியில் மாட்டினார். ஒரு வருஷம் கழித்தும் அந்தக் கைக்கு இடம் தெரிந்திருந்தது. குடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையெல்லாம் நனைந்தது. வேலைக்காரி துடைக்க வந்தாள். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

லான்யீ